சேலத்தில் இருந்துகொண்டு ரேஸ் குதிரையில் பங்கு வாங்குவது: ஒரு கணக்கர் எழுதும் வழிகாட்டி

போன மாதம் ஆத்தூர் ஜவ்வரிசி மில்காரர் ஒருவர் செவ்வாய்ப்பேட்டையில் இருக்கும் என் ஆபீசுக்கு வந்தார். ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் வேலை முடிந்ததும் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். செந்நிறக் குதிரை, நெற்றியில் வெள்ளை, பின்னங்கால் இரண்டும் சாக்ஸ் போட்டது போல வெளுப்பு. "பத்துல ஒரு பங்கு தர்றாங்களாம்ங்க. வாங்கலாமுங்களா?" என்றார்.

மூன்று கேள்வி கேட்டேன். குதிரை யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? எந்த கிளப்பில் ஓடப்போகிறது? உங்கள் பெயர் அந்த கிளப் ஏட்டில் ஏறுமா, ஏறாதா? மூன்றுக்கும் அவரிடம் பதில் இல்லை. ஆனால் குதிரையின் அப்பன் பெயர், தாத்தன் பெயர், அவை ஜெயித்த ரேஸ்கள் எல்லாம் மனப்பாடமாகச் சொன்னார். விற்க வந்தவர் அதை மட்டும்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். எந்தக் குதிரை மேல் பணம் கட்டலாம் என்று தேடி வந்தவர் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் லீ பஜார் மண்டிக்காரர்களுக்கு நான் ஏன் பேரேடு எழுதிக்கொண்டிருக்கப் போகிறேன்?

முதல் படி: யார் வீட்டுக்குள் போகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கிரிக்கெட்டுக்கு ஒரு வாரியம் இருப்பது போல இந்தியக் குதிரைப் பந்தயத்துக்கு ஒரே தலைமை கிடையாது. சென்னையில் மெட்ராஸ் ரேஸ் கிளப், பெங்களூரில் பெங்களூர் டர்ஃப் கிளப், மும்பைக்கும் புனேவுக்கும் ராயல் வெஸ்டர்ன் இந்தியா டர்ஃப் கிளப், கொல்கத்தாவில் ராயல் கல்கத்தா டர்ஃப் கிளப், ஹைதராபாத்தில் ஹைதராபாத் ரேஸ் கிளப் என்று ஊருக்கு ஒன்று. மைசூருக்கும் டெல்லிக்கும் தனி கிளப்புகள். ஒவ்வொன்றும் தன் ஆட்சிக்குத் தானே விதிப்புத்தகம் வைத்திருக்கிறது. விதிகள் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஒரு கிளப் ஒருவரைத் தள்ளி வைத்தால் மற்ற கிளப்புகளும் வாசலை மூடிவிடும்.

நம் ஊர்க்காரருக்குப் புதிதாகத் தெரிவது இதுதான்: பந்தயத்தை நடத்துவதும் கிளப், பந்தயப் பணத்தை வாங்கிப் பிரிப்பதும் கிளப், ஜாக்கிக்கும் ட்ரெய்னருக்கும் லைசென்ஸ் கொடுப்பதும் கிளப், தகராறு வந்தால் விசாரித்துத் தீர்ப்புச் சொல்வதும் அதே கிளப்பின் ஸ்டூவர்டுகள். ஸ்டூவர்டுகளில் சிலர் கிளப் உறுப்பினர்கள். அவர்களிலேயே குதிரை வைத்திருப்பவர்களும் இருப்பார்கள். அதனால்தான் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட ஸ்டைபெண்டரி ஸ்டூவர்டுகள் என்று ஒரு தனி அடுக்கு. அன்றாட விசாரணை அவர்கள் கையில். அதற்கு மேல் அப்பீல் போர்டு. ஊர்ப் பஞ்சாயத்தில் பங்காளியே நாட்டாமையாக உட்கார்ந்தால் எப்படியோ, அந்தச் சந்தேகம் இந்தத் தொழிலில் இன்றும் முழுதாகப் போகவில்லை.

வெளிநாட்டில் இதைப் பிரித்துப் பார்க்கிறார்கள். இங்கிலாந்தில் 2007 முதல் பிரிட்டிஷ் ஹார்ஸ்ரேசிங் அத்தாரிட்டி என்ற தனி அமைப்பு விதியைப் பார்த்துக்கொள்கிறது, பந்தயத் திடல்காரர்கள் திடலைப் பார்த்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் மாநிலத்துக்கு ஒரு சட்டம் என்று கிடந்ததை 2020-ல் ஒரு மத்தியச் சட்டம் போட்டு, பாதுகாப்பும் ஊக்கமருந்துச் சோதனையும் ஒரே அமைப்பின் கீழ் கொண்டுவந்தார்கள். ஹாங்காங் நேர் எதிர்: 1884-ல் தொடங்கிய ஜாக்கி கிளப் ஒன்றிடமே எல்லாம் இருக்கிறது. ஆனால் அது லாபம் பிரிக்காத அமைப்பு. வரி போக மிஞ்சுவது ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கும் போகிறது. எந்த ஏற்பாடு நல்லது என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. நீங்கள் போகும் வீட்டில் சட்டம் போடுபவரும் சமைப்பவரும் ஒருவரே என்பது நினைவில் இருந்தால் போதும். அந்த கிளப்பின் விதிப்புத்தகத்தை வாங்கி, 'உரிமையாளர்', 'கூட்டுப் பங்கு', 'குத்தகை', 'அப்பீல்' ஆகிய நான்கு பகுதிகளையாவது படியுங்கள். குதிரையைப் பார்க்கப் போவதெல்லாம் அப்புறம்.

இரண்டாம் படி: திடல் யாருடைய நிலத்தில் இருக்கிறது?

நம் பக்கத்து நியாயம் இது. கிணறு யாருடையது என்று தெரியாமல் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுக்க மாட்டோம்.

கிண்டித் திடல் சுமார் 160 ஏக்கர். 1945-ல் போட்ட 99 ஆண்டுக் குத்தகை. ஆண்டு வாடகை 614 ரூபாய்ச் சொச்சம். பல ஆண்டு வாடகை வழக்குக்குப் பிறகு 2024 செப்டம்பரில் தமிழக அரசு அந்தக் குத்தகையை ரத்து செய்து திடலுக்குச் சீல் வைத்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பே ஊட்டித் திடலைப் பாக்கிக்காக எடுத்துக்கொண்டது. கோடையில் ஏப்ரல் மாதம் தொடங்கி ஊட்டி சீசன், குளிர்காலத்தில் கிண்டி சீசன் என்று மெட்ராஸ் கிளப் ஓட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களும் ஒரே ஆண்டில் நீதிமன்றப் படி ஏறின.

மற்ற ஊர்க்காரர்களும் நிம்மதியாக இல்லை. மும்பை மகாலட்சுமியில் குத்தகை முடிந்து பல ஆண்டு இழுபறிக்குப் பின் 211 ஏக்கரில் 120 ஏக்கரைப் பூங்காவுக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தை கிளப் வைத்துக்கொண்டது. கர்நாடகத்தில் 1952-ஆம் ஆண்டின் ரேஸ்கோர்ஸ் உரிமச் சட்டப்படி அரசு லைசென்ஸ் கொடுத்தால்தான் பந்தயம். 2024 ஜூனில் பெங்களூர் கிளப்புக்கு அது மறுக்கப்பட்டு உயர் நீதிமன்றம் வரை போனது.

சேலத்துக்காரருக்கு இதில் என்ன? பெங்களூர் நமக்கு 200 கிலோமீட்டர், சென்னை 340. 'பக்கத்தில் ஓடினால் போய்ப் பார்க்கலாம்' என்பதுதான் பங்கு வாங்குபவர்களின் முதல் ஆசை. பங்குக்குப் பணம் கொடுக்கும் வாரத்தில், வரும் சீசனுக்கான பிராஸ்பெக்டஸை அந்த கிளப் வெளியிட்டிருக்கிறதா என்று பாருங்கள். எந்தத் தேதியில் எந்த வகை ரேஸ், என்ன பரிசுப்பணம் என்று அச்சிட்ட ஏடு அது. அது வராமல் 'சீசன் நடக்கும், கவலைப்படாதீங்க' என்று வாயால் சொன்னால், பணத்தைப் பையிலேயே வையுங்கள்.

சட்டம் பற்றி இரண்டு வரி. 1974-ல் தமிழகத்தில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் வந்தது. 1986-ல் கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம். இரண்டும் உச்ச நீதிமன்றம் வரை போய், 1996 ஜனவரி 12-ல் லட்சுமணன் வழக்குத் தீர்ப்பு வந்தது. குதிரைப் பந்தயம் முதன்மையாகத் திறமையைச் சார்ந்தது, சூதாட்டம் அல்ல என்றது நீதிமன்றம். 1986 சட்டத்தையும் ரத்து செய்தது. இன்று இந்தத் தொழில் நிற்பது அந்த ஒரு தூணின் மேல்தான். ஆனால் அந்தத் தீர்ப்பு திடல் நிலத்தைக் காப்பாற்றாது, வரியையும் குறைக்காது. பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

மூன்றாம் படி: பரிசுப்பணம் எங்கிருந்து வருகிறது

இதைப் புரிந்துகொள்ளாமல் குதிரை வாங்குவது, மரவள்ளிக் கிழங்கின் விலை தெரியாமல் மில் வைப்பது போல.

ஏலச்சீட்டு தெரியாதவர் சேலத்தில் உண்டா? ரேஸ் திடலில் கிளப்பே பந்தயப் பணம் வாங்கும் டோட் என்பதும் ஒரு வகைச் சீட்டுதான். பந்தயம் கட்டுபவர்கள் எல்லாருடைய பணமும் ஒரே குடத்தில் விழுகிறது. கிளப் என்ற போர்மேன் தன் கமிஷனை எடுத்துக்கொள்கிறது. அரசின் பங்கு போகிறது. மிச்சத்தை ஜெயித்த சீட்டுக்காரர்கள் பிரித்துக்கொள்கிறார்கள். யார் ஜெயித்தாலும் தோற்றாலும் கிளப்புக்கு நஷ்டமில்லை. 1867-ல் பாரிசில் ஜோசப் ஒலர் என்பவர் தொடங்கிவைத்த முறை இது. புக்கி அப்படி அல்ல. அவர் இந்தக் குதிரை ஜெயித்தால் இத்தனை மடங்கு என்று விலை சொல்லித் தன் சொந்தப் பணத்தை எதிரே வைக்கிறார். லைசென்ஸ் உள்ள புக்கிகளிடம் கிளப் கட்டணம் வாங்குகிறது.

1996 தீர்ப்பிலேயே அன்றைய டோட் கணக்கு இருக்கிறது. 100 ரூபாய் வந்தால் 75 பந்தயம் கட்டியவர்களுக்குத் திரும்பியது, 20 அரசுக்குப் பந்தய வரியாகப் போனது, 5 கிளப்புக்கு. கிளப்பின் அந்தக் கமிஷனும் புக்கி கட்டணமும் நுழைவுக் கட்டணமும் ஸ்பான்சர் பணமும் சேர்ந்துதான் திடலில் புல் வளர்க்கிறது, சம்பளம் கொடுக்கிறது, உங்கள் குதிரை ஜெயித்தால் பரிசுப்பணமாகவும் வருகிறது. பந்தயம் கட்டும் கூட்டம் குறைந்தால் பரிசுப்பணம் குறையும். இடையில் வேறு மாயம் எதுவும் இல்லை.

இப்போது வரியைப் பாருங்கள். ஜி.எஸ்.டி. வந்தபோது குதிரைப் பந்தயத்துக்கு 28 சதவீதம், அதுவும் கட்டிய பணத்தின் முழு மதிப்பின் மேல். கமிஷன் மேல் மட்டும்தான் போட வேண்டும் என்று பெங்களூர், மைசூர் கிளப்புகள் வழக்குப் போட்டன. 2021 ஜூனில் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. 2023 அக்டோபரில் சட்டமே திருத்தப்பட்டு முழு மதிப்பு உறுதியானது. 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம்.

நம் சீட்டோடு ஒப்பிட்டால் கணக்கு கண்ணில் படும். ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு. போர்மேன் கமிஷன் 5 சதவீதம் என்றால் 5,000 ரூபாய். அந்த 5,000 மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., அதாவது 900 ரூபாய். அதே ஒரு லட்சம் டோட்டுக்குப் போனால் முழு லட்சத்தின் மேல் 40 சதவீதம். நாற்பதாயிரம்.

அந்த மில்காரர் இதைக் கேட்டதும் கால்குலேட்டரைத் தன் பக்கம் திருப்பித் தானே ஒரு முறை போட்டுப் பார்த்தார்.

குதிரைப் பந்தயத்துக்கு வரி அதிகம் போடக் கூடாது என்று நான் வாதாட வரவில்லை. குடும்பத்தை அழித்த பந்தயக்காரர்களை நானும் பார்த்திருக்கிறேன். எங்கள் தெருவிலேயே ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறை அப்படிப் போனது. ஆனால் தொழில் கணக்கு வேறு. இவ்வளவு வரி என்றால் பந்தயம் கட்டுபவர் நிறுத்துவதில்லை, வரியில்லாத கள்ள புக்கியின் போனுக்குப் போகிறார். பணம் கிளப்புக்கும் வருவதில்லை, அரசுக்கும் வருவதில்லை. பரிசுப்பணம் தேய்கிறது. உரிமையாளர்கள் கழன்றுகொள்கிறார்கள். ஒரு ரேஸுக்குப் பன்னிரண்டு குதிரை வந்த இடத்தில் ஆறு வந்தால் பந்தயம் கட்ட வருபவர் இன்னும் குறைகிறார். பங்கு வாங்குபவர் இந்தச் சரிவைத் தெரிந்துகொண்டே வாங்க வேண்டும். மூன்று ஆண்டுக்கு முந்தைய பிராஸ்பெக்டஸையும் இந்த ஆண்டுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே வகுப்பு ரேஸின் பரிசுப்பணத்தை ஒப்பிடுங்கள். என் பத்துப் பக்க அறிக்கையை விட அது உண்மை சொல்லும்.

நான்காம் படி: எந்த உருவில் சேரப் போகிறீர்கள்

நான் சூடு பட்ட இடம் இது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பல ஆண்டுக்கு முன்பு நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு பெட்டைக் குதிரையில் ஆளுக்குக் கால் பங்கு எடுத்தோம். எங்களில் ஒருவருக்கு மட்டும் ஏற்கனவே கிளப்பில் உரிமையாளர் பதிவு இருந்தது. 'நாலு பேர் பேரும் போட்டா நேரம் ஆகும், இப்போதைக்கு என் பேர்லயே இருக்கட்டும், நமக்குள்ள என்னண்ணா' என்றார். சரி என்றோம். மாதாமாதம் அவர் கணக்குக்குப் பணம் அனுப்பினோம். பதினான்கு மாதம் அது ஒன்றும் ஜெயிக்கவில்லை, சண்டையும் வரவில்லை. பதினைந்தாம் மாதம் ஜெயித்தது. பரிசுப்பணம் பதிவு பெற்ற உரிமையாளரின் கிளப் கணக்கில் வரவானது. அவருக்கு அதே கிளப்பில் வேறு இரண்டு குதிரைகளின் பாக்கி இருந்தது எங்களுக்கு அப்போதுதான் தெரியும். கிளப் பாக்கியைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் காட்டியது. நாங்கள் நேரில் போய்க் கேட்டோம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பேரேட்டைப் பார்த்துவிட்டு மரியாதையாகவே சொன்னார்: "சார், உங்க மூணு பேர் பேரும் இதுல இல்லையே."

அவர் சொன்னதில் தவறில்லை. கிளப்புக்கு ஏட்டில் உள்ளவர்தான் உரிமையாளர். ஊருக்கெல்லாம் பார்ட்னர்ஷிப் டீட் எழுதிக்கொடுக்கும் நான், என் பணத்துக்கு ஒரு பத்து ரூபாய்த் தாள் கூட எழுதிக்கொள்ளவில்லை.

ஆகவே: தனி உரிமையாளராகவோ, பதிவு செய்த கூட்டுப் பங்காளியாகவோ, குத்தகைதாரராகவோ சேருங்கள். எந்த உருவானாலும் ஸ்டூவர்டுகள் ஒப்புக்கொண்டு உங்கள் பெயர் ஏறிய பிறகே பணம். கூட்டு என்றால் யாருக்கு எத்தனை பங்கு, கிளப்போடு பேச அதிகாரம் யாருக்கு, ஒருவர் மாதப் பணம் தராமல் போனால் அவர் பங்கு என்ன ஆகும், விற்க எத்தனை பேர் சம்மதம் வேண்டும் என்று எழுத்தில் இருக்க வேண்டும். உங்கள் கூட்டாளிகளில் யாருக்காவது எந்த கிளப்பிலாவது பாக்கி இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். பாக்கிதாரர் பட்டியலில் பெயர் ஏறிய ஒருவர் கூட்டில் இருந்தால் குதிரையே ஓட முடியாமல் போகலாம்.

குத்தகை முறை நம் நாட்டில் நிறைய உண்டு. வளர்ப்புப் பண்ணைக்காரர் குதிரையை விற்காமல் ஓடும் காலத்துக்கு மட்டும் கொடுப்பார். ஜெயித்தால் அவருக்கு ஒரு பங்கு, ஓட்டம் முடிந்ததும் குதிரை அவரிடமே திரும்பும். முதல்முறை வருபவருக்கு இதுதான் உத்தமம் என்பேன். ஏனென்று கடைசிப் படியில் புரியும்.

எந்தப் பணமும் ரொக்கமாக வேண்டாம். எல்லாம் பேங்க் வழியாகவே.

ஐந்தாம் படி: குதிரையும் அதன் காகிதமும்

ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போயிருப்பீர்கள். கத்தியவார், மார்வாரிக் குதிரைகள் வரிசையாக நிற்கும். பெரியவர்கள் பல்லைப் பார்ப்பார்கள், குளம்பைத் தட்டுவார்கள், அதற்கெல்லாம் முன்பு சுழியைப் பார்ப்பார்கள். ஆகாத சுழி இருந்தால் எவ்வளவு அழகான குதிரையானாலும் விலை பாதிதான்.

ரேஸ் குதிரை வேறு சாதி. தரோபிரெட் என்ற இந்த இனத்தின் எல்லாக் குதிரைகளும் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட மூன்று கிழக்கத்திய ஆண் குதிரைகளின் வழி வந்தவை. வம்சாவளிப் புத்தகம் 1791 முதல் எழுதப்படுகிறது. தாய் தகப்பன் இருவரும் புத்தகத்தில் இருந்தால்தான் குட்டிக்கு இடம். ஊசி போட்டுச் சினைப்படுத்தக் கூடாது, நேரடிச் சேர்க்கை மட்டுமே. இந்தியாவில் இந்த ஏட்டை வைத்திருக்கும் ஸ்டட் புக் அதிகாரம் புனேயில் இருக்கிறது. குட்டியின் மரபணுச் சோதனை, கழுத்தில் மைக்ரோசிப், பெயர் ஒப்புதல், பாஸ்போர்ட் எல்லாம் அதைச் சார்ந்தது. எந்த மாதம் பிறந்தாலும் ஜனவரி 1-ல் எல்லாவற்றுக்கும் ஒரு வயது கூடும். பெயர் இடைவெளியோடு சேர்த்து 18 ஆங்கில எழுத்துக்குள் அடங்க வேண்டும். 'சேர்வராயன் மலை எக்ஸ்பிரஸ்' என்று வைக்க மில்காரருக்கு ஆசை, இடம் போதாது.

அந்தப் பாஸ்போர்ட்டைத் திறந்தால் குதிரையின் கோட்டுப்படம் இருக்கும். அதில் வெள்ளைக் குறிகளோடு சுழிகள் எங்கே இருக்கின்றன என்றும் குறித்திருப்பார்கள். அடையாளத்துக்குத்தான், ராசிக்கு இல்லை. ஏற்காட்டில் ஒரு எஸ்டேட்காரர், முன்பு இரண்டு மூன்று குதிரை ஓட்டியவர், இதை எனக்குக் காட்டினார். லாயத்தில் நின்ற குதிரையின் நெற்றி மயிரை விலக்கி, பாஸ்போர்ட்டில் எக்ஸ் போட்ட இடத்தில் விரலை வைத்தார். ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக இரண்டு சுழி. "அந்தியூர்ல இதைக் கண்டா தூரப் போயிருவாங்க தம்பி. எனக்கு ரெண்டு ரேஸ் ஜெயிச்சுது" என்றார். நீங்களும் இப்படியே சரிபாருங்கள். காட்டும் குதிரையும் காகிதக் குதிரையும் ஒன்றுதானா என்பதற்கு இதை விட எளிய சோதனை இல்லை. சிப்பையும் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அப்புறம் கால். முன்னங்காலில் முட்டிக்குக் கீழே, பின்புறமாக ஓடும் நாண்தான் ரேஸ் குதிரையின் ஆஸ்தி. அவர் உள்ளங்கையால் தொடவில்லை, புறங்கையை மேலிருந்து கீழே மெதுவாக இறக்கினார். ஒரு காலில் செய்ததை மறு காலிலும் செய்தார். ஒன்று மற்றதை விடச் சூடாக இருந்தாலோ, நேர்க்கோடாக இருக்க வேண்டிய இடத்தில் வாழைக்காய் போல லேசாக வளைந்து புடைத்திருந்தாலோ வேண்டாம் என்று சொல்லிவிடுவாராம். நாம் தொட்டு ஒன்றும் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஆனால் உங்கள் செலவில், உங்கள் ஆளாக ஒரு குதிரை மருத்துவரை அழைத்து எக்ஸ்ரேயும் மூச்சுக்குழல் சோதனையும் செய்துகொள்ளுங்கள். விற்பவர் தரும் சான்றிதழ் விற்பவருடையது.

நம் மாவட்டத்துக்கும் இதில் பழைய உறவு உண்டு. இன்று கால்நடைப் பண்ணையாக இருக்கும் ஓசூர் மத்திகிரிப் பண்ணை, 1824-ல் ராணுவத்துக்குக் குதிரை வளர்க்கத் தொடங்கியது. 1965-ல் தர்மபுரி பிரியும்வரை ஓசூர் சேலம் ஜில்லாவில்தான் இருந்தது.

ஆறாம் படி: மாதக் கணக்கும் வருமான வரியும்

குதிரை ஓடினாலும் படுத்திருந்தாலும் மாதம் பிறந்தால் பில் வரும். ட்ரெய்னரின் பராமரிப்புக் கட்டணம், லாடம், மருத்துவர், ஊர்விட்டு ஊர் கொண்டுபோகும் வண்டி, ரேஸில் பெயர் கொடுக்கும் கட்டணம், ஜாக்கியின் சவாரிக் கட்டணம். ஜெயித்தால் பரிசுப்பணத்தில் ட்ரெய்னருக்கும் ஜாக்கிக்கும் ஒரு சதவீதம். எத்தனை என்பது கிளப் விதியில் இருக்கும். கணக்குக்காக மாதம் 60,000 என்று வைத்தால், பத்தில் ஒரு பங்குக்காரருக்கு ஆண்டுக்கு 72,000. இரண்டு ஆண்டுச் செலவைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, அது திரும்பி வராது என்று மனைவியிடமும் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

வரியில் இரண்டு வருமானத்தைக் கலந்துவிடாதீர்கள். பந்தயம் கட்டி ஜெயித்த பணத்துக்கு நேராக 30 சதவீதம் வரி, செலவு எதுவும் கழிக்க முடியாது. ஒரே பந்தயத்தில் 10,000 ரூபாய்க்கு மேல் என்றால் கொடுக்கும்போதே பிடித்துவிடுவார்கள். குதிரை வைத்துப் பராமரித்து வரும் பரிசுப்பணம் வேறு. அதற்கு அந்த 30 சதவீத விதி பொருந்தாது, பராமரிப்புச் செலவைக் கழிக்கலாம், உங்கள் வழக்கமான வரி விகிதம்தான்.

ஆனால் நஷ்டம் வந்தால், பெரும்பாலும் வரும், அதை மில் லாபத்தில் கழிக்க முடியாது. ரேஸ் குதிரை வருமானத்தில் மட்டுமே கழிக்கலாம், நான்கு ஆண்டு வரை எடுத்துச் செல்லலாம். 'குதிரை வாங்குனா டாக்ஸ் மிச்சம்' என்று யாராவது சொன்னால், அவரை என்னிடம் அனுப்புங்கள்.

ஏழாம் படி: ட்ரெய்னர்

லைசென்ஸ் உள்ளவராக இருக்க வேண்டும். எத்தனை குதிரை வைத்திருக்கிறார், அவற்றில் எத்தனை போன சீசனில் உண்மையாகவே ஓடின என்று கேளுங்கள். விடியற்காலை ஓட்டப்பயிற்சிக்கு ஒரு நாள் சொல்லாமல் போய் நில்லுங்கள். உங்கள் குதிரையைப் பார்த்துக்கொள்ளும் லாயக்காரர் அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, அது காதைத் திருப்பினால் பாதி நிம்மதி.

எட்டாம் படி: ரேஸ் நாளில் உங்கள் அதிகாரம் எவ்வளவு

சொல்லப்போனால், கொஞ்சம்தான். எந்தக் குதிரை எவ்வளவு எடை சுமக்க வேண்டும் என்று தீர்மானிப்பவர் ஹேண்டிகேப்பர். ஜெயித்தால் மதிப்பெண் ஏறும், அடுத்த முறை எடையும் ஏறும், மேல் வகுப்புக்குப் போகும். தோற்றுக்கொண்டே இருந்தால் இறங்கும். நல்ல சரக்கும் சுமாரான சரக்கும் ஒரே கோட்டில் வந்து சேர வேண்டும் என்பதே அவர் வேலை. இந்த ஏற்பாட்டுக்குள்ளேயே ஒரு ஆசை ஒளிந்திருக்கிறது: வேண்டுமென்றே இரண்டு ரேஸ் தோற்று, எடை குறைந்ததும் பணம் கட்டி ஜெயிப்பது. அதனால்தான் ஒவ்வொரு குதிரையும் முழு முயற்சியோடு ஓட வேண்டும் என்பது விதிகளில் தலையாயது. ஓட்டத்தை வீடியோவில் பார்த்து ஜாக்கியைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். ட்ரெய்னரையும் கேட்பார்கள். உரிமையாளரையும் கேட்கலாம். உங்கள் கூட்டாளி யாராவது 'இந்த வாரம் வேண்டாம், அடுத்த வாரம் பார்த்துக்கலாம்' என்று ஜாக்கியிடம் பேசுவது காதில் விழுந்தால், அன்றே பங்கை விற்றுவிடுங்கள். தண்டனை வந்தால் கூட்டுக்கே வரும், எல்லா ஊர் கிளப்பும் கதவடைக்கும்.

முதலில் வந்தாலும் கொண்டாட அவசரப்படாதீர்கள். ஜாக்கி சேணத்தோடு மறுபடி எடை மேடை ஏற வேண்டும். குறைந்தால் தகுதி போச்சு. பக்கத்துக் குதிரையை இடித்ததாக ஆட்சேபம் வரலாம். சிறுநீர், ரத்த மாதிரி எடுப்பார்கள். மருந்து தென்பட்டால் வாரம் கழித்துக்கூடப் பரிசைத் திரும்பக் கேட்பார்கள். யார் கொடுத்தது என்று தெரியாவிட்டாலும் ட்ரெய்னர்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். ஜாக்கி பந்தயம் கட்டவே கூடாது.

கடைசிப் படி: ஓடி முடித்த குதிரை

விற்க வருபவர் யாரும் இதைப் பேச மாட்டார். தரோபிரெட் இருபத்தைந்து ஆண்டு சாதாரணமாக வாழும். ஓடுவது நான்கைந்து ஆண்டு. நல்ல வம்சத்துப் பெட்டை என்றால் பண்ணைக்குப் போகும். காயடித்த ஆண் குதிரைக்கு அந்த வழியும் இல்லை. சவாரிப் பள்ளி, போலீஸ் லாயம், அதிர்ஷ்டமிருந்தால் ஒரு நல்ல மனிதர். இல்லாவிட்டால் மலை ஊரில் டூரிஸ்ட் சவாரிக்கு எலும்பு தெரிய நிற்கும்.

ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்: ஓட்டம் நின்ற பிறகு குதிரை யாருக்கு, புதிய இடம் கிடைக்கும்வரை தீனிச் செலவில் யாருக்கு எத்தனை பங்கு, இனி ஓடாது என்று கிளப்புக்கும் ஸ்டட் புக்குக்கும் எழுதிக்கொடுப்பது யார். குத்தகையாக இருந்தால் இந்தத் தலைவலி பண்ணைக்காரருடையது.

அந்த ஏற்காட்டு எஸ்டேட்காரரிடம் இரட்டைச் சுழிக் குதிரை இன்னும் இருக்கிறது. சில்வர் ஓக் மரத்தடியில் மிளகுக் கொடியை நக்கிக்கொண்டு நின்றது. அதற்கு மாதம் என்ன செலவாகிறது என்று கேட்டேன். காபிக் கணக்கிலேயே சேர்த்து எழுதிவிடுவதாகச் சொன்னார். அப்படி எழுதக் கூடாதுங்கண்ணா என்றேன். சிரித்துவிட்டு, "அப்ப எதுல எழுதறது, நீயே சொல்லு" என்றார். சொந்தச் செலவு என்று தனித் தலைப்புப் போட்டுக்கொடுத்துவிட்டு வந்தேன்.

மில்காரர் நான் கேட்ட மூன்று கேள்விகளையும் வாட்ஸ்அப்பில் விற்பவருக்கு அனுப்பியிருக்கிறார். இரண்டாவதற்கு மட்டும் பதில் வந்திருக்கிறதாம்.